ஹென்றி ரேமண்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

நியூயார்க் டைம்ஸைத் தொடங்கியவர் ஹென்றி ஜார்விஸ் ரேமண்ட் என்பது பலருக்கும் தெரியும். முதல் இதழ் வெளிவந்த அதே 1851இல் அவர் நியூயார்க் மாநிலச் சட்டமன்றத்தின் சபாநாயகராகவும் இருந்தார் என்பது அந்த அளவுக்குத் தெரியாது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பத்திரிகைக் கதையை முழுதாக எழுதிவிட்டு, 'அரசியலிலும் ஈடுபட்டார்' என்று கடைசியில் ஒரு வரி சேர்த்துவிடத் தோன்றும். அப்படி எழுதினால் பத்திரிகைக்காரரும் புரியமாட்டார், அரசியல்வாதியும் புரியமாட்டார். அன்றைய நியூயார்க்கில் அச்சகமும் சட்டமன்றமும் ஒரே தெருவின் இரண்டு வாசல்கள். இரண்டையும் ஒரே நாட்காட்டியில் வைத்து எழுதும் முறை கீழே இருக்கிறது. ரேமண்ட் இங்கே எடுத்துக்காட்டு. அதே காலத்தில் பத்திரிகையிலிருந்து மாநில அரசியலுக்குப் போன வேறு எவருக்கும் இதே வழி பொருந்தும்.

படி 1: எலும்புக்கூட்டைத் தயார் செய்யுங்கள்

ஒரு தாளில் இந்தத் தேதிகளை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். விளக்கம், அடைமொழி எதுவும் வேண்டாம்.

1820 ஜனவரி 24: நியூயார்க் மாநிலம், லிவிங்ஸ்டன் கவுன்டியில் லைமா என்ற ஊருக்கு அருகே பிறப்பு.
1840: வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் பட்டம்.
1841: ஹோரஸ் கிரீலி புதிதாகத் தொடங்கிய டிரிப்யூன் நாளிதழில் உதவியாளர்.
1843: ஜேம்ஸ் வாட்சன் வெப் நடத்திய கூரியர் அண்ட் என்குயரர் நாளிதழுக்கு மாற்றம்.
1849 நவம்பர்: மாநிலக் கீழவைக்குத் தேர்வு. 1850, 1851 கூட்டத்தொடர்களில் உறுப்பினர்.
1851 ஜனவரி: சபாநாயகர்.
1851 செப்டம்பர் 18: நியூயார்க் டெய்லி டைம்ஸ் முதல் இதழ்.
1854 நவம்பர்: துணை ஆளுநராகத் தேர்வு. 1855, 1856 பதவிக்காலம்.
1862: மீண்டும் கீழவை, மீண்டும் சபாநாயகர்.
1864: குடியரசுக் கட்சியின் தேசியக் குழுத் தலைவர்.
1865 மார்ச் முதல் 1867 மார்ச் வரை: அமெரிக்கக் காங்கிரஸின் பிரதிநிதிகள் சபை.
1869 ஜூன் 18: மரணம்.

இதில் வயதைக் கணக்கிடும்போது கவனம் தேவை. சபாநாயகரானபோது 31 வயது என்று எழுதிவிடுவது எளிது. கூட்டத்தொடர் ஜனவரி முதல் செவ்வாய்க்கிழமை கூடும். 1851இல் அது ஜனவரி 7. அவருடைய பிறந்தநாளுக்கு இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தது. அன்று அவருக்கு வயது 30.

படி 2: மாநில அரசமைப்பைப் படித்துவிட்டுத் தொடருங்கள்

பலரும் தாண்டிப்போகும் படி இதுதான். பிழைகளில் பாதி இங்கேதான் பிறக்கின்றன. ரேமண்டின் காலத்தில் நடைமுறையில் இருந்தது நியூயார்க்கின் 1846ஆம் ஆண்டு அரசமைப்பு. அதன்படி கீழவைக்கு 128 உறுப்பினர்கள், பதவிக்காலம் ஒரே ஆண்டு. மேலவைக்கு 32 பேர், இரண்டு ஆண்டுகள். ஆளுநருக்கும் துணை ஆளுநருக்கும் இரண்டு ஆண்டுகள். தேர்தல் நவம்பரில், பதவியேற்பு ஜனவரியில்.

ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல் என்பதால் 'தேர்வான ஆண்டு', 'பதவி வகித்த ஆண்டு' என்ற இரண்டும் எப்போதும் ஒன்று தள்ளியே வரும். ஒரு குறிப்பு '1849' என்றும் இன்னொன்று '1850' என்றும் சொன்னால் இரண்டுமே சரியாக இருக்கலாம். எதைச் சொல்கிறோம் என்பதை ஒவ்வொரு முறையும் வாக்கியத்திலேயே தெளிவாக்கிவிடுங்கள். காங்கிரஸில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. ரேமண்ட் 1864 நவம்பரில் தேர்வானார், பதவிக்காலம் 1865 மார்ச்சில் தொடங்கியது, சபை கூடியதோ 1865 டிசம்பரில். இடைப்பட்ட ஓராண்டுக்குள் லிங்கன் கொல்லப்பட்டார், உள்நாட்டுப் போரும் முடிந்துவிட்டது. எந்த நாட்டுக்காக வாக்குக் கேட்டாரோ அந்த நாடு வேறொன்றாக மாறிய பிறகுதான் அவர் சபைக்குள் நுழைந்தார்.

சம்பளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். உறுப்பினருக்கு நாளுக்கு அதிகபட்சம் 3 டாலர், ஒரு கூட்டத்தொடருக்கு மொத்தம் 300 டாலருக்கு மேல் கிடையாது. சபாநாயகருக்கு அந்த நாள்படியில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். ஆக, 100 நாளைத் தாண்டினால் கைக்காசுதான். அன்றைய கூட்டத்தொடர்கள் ஏன் ஏப்ரல் நடுவில் முடிந்தன, உறுப்பினர்கள் ஏன் சொந்தத் தொழிலை விடாமல் வைத்திருந்தார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் இதில் பதில் இருக்கிறது.

அமெரிக்க மேலவை உறுப்பினர்களை மாநிலச் சட்டமன்றங்களே தேர்ந்தெடுத்தன என்பது இன்னொரு அடிப்படைச் செய்தி. மக்கள் நேரடியாக வாக்களிக்கும் முறை 1913இல்தான் வந்தது. ஆகவே மாநிலத் தலைநகர் ஆல்பனியில் கீழவையும் மேலவையும் யார் கையில் இருக்கின்றன என்பது வாஷிங்டன் வரை எட்டும் விஷயம். இதைச் சொல்லாமல் ரேமண்டின் மாநிலப் பதவிகளைப் பற்றி எழுதினால், இதற்கு ஏன் இவ்வளவு சண்டை என்று வாசகர் குழம்புவார்.

படி 3: தமிழ்ச் சொற்களை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்

நமக்கு ஆளுநர் என்றால் மத்திய அரசு நியமிப்பவர். அமெரிக்க மாநில ஆளுநர் மக்கள் வாக்கில் வருபவர். அதிகாரத்தில் நம் முதலமைச்சரோடுதான் ஒப்பிட வேண்டும். 'துணை ஆளுநர்' என்று எழுதினால் புதுச்சேரியோ டெல்லியோ நினைவுக்கு வரும். முதல்முறை வரும் இடத்தில் 'மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் துணை ஆளுநர், மாநில மேலவைக்குத் தலைமை வகிப்பவர்' என்று ஒரு முறை விளக்கிவிட்டால் போதும்.

'செனட்' என்ற சொல் அதைவிட ஆபத்தானது. மாநிலத்திலும் செனட் உண்டு, நாட்டுக்கும் செனட் உண்டு. 'மாநில மேலவை', 'அமெரிக்க மேலவை' என்று எப்போதும் முன்னொட்டோடு எழுதுங்கள். ரேமண்ட் தலைமை வகித்தது முதலாவதற்கு. 1863இல் வேட்பாளராக முயன்று, எட்வின் மோர்கனிடம் தோற்றது இரண்டாவதற்கு.

கட்சிப் பெயரும் நகர்ந்துகொண்டே இருக்கும். 1854இல் அவர் அன்றைய பெரிய கட்சிகளில் ஒன்றான விக் கட்சியின் வேட்பாளராக வென்றார். 1855 செப்டம்பரில் சிரக்யூஸ் நகரில் நியூயார்க்கின் விக் கட்சி குடியரசுக் கட்சியோடு இணைந்தது. 1856 பிப்ரவரி 22இல் பிட்ஸ்பர்க் மாநாட்டில் குடியரசுக் கட்சியின் அறிக்கையை எழுதியவர் ரேமண்ட். அப்போதும் அவர் துணை ஆளுநர்தான். ஒரே பதவிக்காலத்துக்குள் இரண்டு கட்சிகள் வருவதால், ஆண்டுக்கேற்ற பெயரையே பயன்படுத்துங்கள். அந்த அறிக்கையைக் காட்டி 'கட்சியின் நிறுவனர்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது மிகை. கட்சி 1854லேயே வேறு மாநிலங்களில் தொடங்கிவிட்டது.

படி 4: ஒரே நாட்காட்டி, மூன்று பத்திகள்

ஒரு பெரிய தாளையோ விரிதாளையோ எடுத்து மூன்று பத்திகள் (நெடுவரிசைகள்) போடுங்கள். இடப்பக்கம் பத்திரிகை, வலப்பக்கம் சட்டமன்றம், நடுவில் 'அன்று எங்கே இருந்தார்'. உழைப்பில் பெரும்பகுதி நடுப்பத்திக்கே போகும். பலனும் அங்கிருந்துதான் வரும்.

நியூயார்க் நகரிலிருந்து மாநிலத் தலைநகர் ஆல்பனி ஏறத்தாழ 150 மைல். ஹட்சன் ஆற்றங்கரை ரயில்பாதை ஆல்பனியின் எதிர்க்கரை வரை முழுதாகத் திறந்தது 1851 அக்டோபரில். அதற்கு முன் வழக்கமான பயணம் நீராவிப் படகில். குளிர்காலத்தில் ஆறு உறைந்துவிடும், கூட்டத்தொடரோ சரியாகக் குளிர்காலத்தில். எனவே 1850, 1851 கூட்டத்தொடர்களின்போது காலையில் சபை, மாலையில் பத்திரிகை அலுவலகம் என்று அவர் இருந்திருக்க வழியில்லை. 1855இல் துணை ஆளுநரானபோது ரயில் ஓடிக்கொண்டிருந்தது, வாரக்கடைசிப் பயணம் சாத்தியம். ஒரே மனிதர், ஒரே ஆல்பனி, ஆனால் ஆசிரியர் நாற்காலிக்கும் அவருக்கும் இருந்த தூரம் மாறிவிட்டது.

நடுப்பத்தியை நிரப்பச் சிறந்த ஆதாரம் சட்டமன்ற நாட்குறிப்பேடு. முக்கியத் தீர்மானங்களில் ஆதரவு, எதிர்ப்பு என்று ஒவ்வொரு உறுப்பினரின் பெயரும் அதில் பதிவாகியிருக்கும். பெயர் இருந்தால் அன்று அவர் ஆல்பனியில் இருந்தார். பெயர் இல்லாவிட்டால் ஊரில் இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள், வாக்களிக்காமல் இருந்திருக்கலாம்.

1851 வசந்தத்தை மட்டும் நாள்வாரியாக நிரப்பிப் பாருங்கள். ஈரி கால்வாயை அகலப்படுத்தும் மசோதாவைத் தடுப்பதற்காக ஏப்ரலில் ஜனநாயகக் கட்சி மேலவை உறுப்பினர்கள் கூட்டமாகப் பதவி விலகி, சபை நடக்கத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கையைக் குலைத்தார்கள். ஆளுநர் வாஷிங்டன் ஹன்ட் ஜூனில் சிறப்புக் கூட்டத்தொடரைக் கூட்டினார். மூன்று மாதம் கழித்து டைம்ஸ். புதிய நாளிதழுக்கான ஏற்பாடுகள் மாநிலத்தின் மிகப் பெரிய சச்சரவுக்கு நடுவே நடந்தன என்பது இரண்டு பத்திகளையும் பக்கத்தில் வைத்தால்தான் கண்ணில் படும்.

படி 5: ஆதாரங்களைத் தேடும் முறை

இவற்றில் பெரும்பாலானவற்றை வீட்டிலிருந்தே பார்க்கலாம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் 'குரோனிக்கிளிங் அமெரிக்கா' தளத்தில் டிரிப்யூன் இதழ்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. நியூயார்க் டைம்ஸின் சொந்தக் காப்பகம் 1851இலிருந்து உண்டு. மாநிலச் சிற்றூர்ப் பத்திரிகைகளுக்கு 'நியூயார்க் ஸ்டேட் ஹிஸ்டாரிக் நியூஸ்பேப்பர்ஸ்' தளம். சட்டமன்ற நாட்குறிப்பேடுகள் 'ஹாத்திடிரஸ்ட்' தளத்தில் இருக்கின்றன. அங்கே ஆண்டைவிடக் கூட்டத்தொடர் எண்ணைக் கொடுத்துத் தேடுவது எளிது. 1850 என்பது 73ஆவது, 1851 என்பது 74ஆவது, 1855 என்பது 78ஆவது, 1862 என்பது 85ஆவது.

கடிதங்களுக்கு மூன்று இடங்கள். ரேமண்டின் தாள்கள் நியூயார்க் பொது நூலகத்தில் உள்ளன. விக் கட்சித் தலைவர்களான வில்லியம் சீவர்ட், தர்லோ வீட் ஆகிய இருவரின் தாள்கள் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில். லிங்கனுக்கு ரேமண்ட் எழுதியவை காங்கிரஸ் நூலகத்தின் லிங்கன் தொகுப்பில். ரேமண்டின் நாட்குறிப்பிலிருந்து சில பகுதிகளை அவருடைய மகன் 1879-80இல் ஸ்கிரிப்னர்ஸ் மாத இதழில் வெளியிட்டார். மகன் தொகுத்தது என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள்.

தேடும்போது வரும் சிக்கல்: பழைய அச்சை எழுத்துணரி மென்பொருள் தப்பும் தவறுமாகவே படிக்கும். முழுப்பெயரைப் போட்டுத் தேடினால் பாதி இதழ்கள் வராது. அன்றைய பத்திரிகைகள் 'திரு. ரேமண்ட்' என்றோ 'சபாநாயகர்' என்றோ, துணை ஆளுநர் பதவியைச் சுருக்கியோதான் அச்சிட்டன. மூன்று வடிவங்களிலும் தேடுங்கள். முக்கியமான ஒரு வாரம் என்றால் தேடலை நம்பாமல் பக்கம் பக்கமாகக் கண்ணால் படிப்பதே மேல். நான்கு பக்க நாளிதழுக்கு அதிக நேரம் ஆகாது.

படி 6: கையெழுத்தில்லாத தலையங்கத்தை யார் எழுதினார்?

அன்று தலையங்கத்தில் பெயர் போடும் வழக்கம் இல்லை. டைம்ஸில் வந்ததெல்லாம் ரேமண்டின் சொற்கள் என்று எடுத்துக்கொண்டால் மாட்டிக்கொள்வீர்கள். 1859 கோடையில் இத்தாலியப் போர் பற்றி 'மின்சியோ ஆற்றின் முழங்கைகள்' என்றெல்லாம் அர்த்தமே இல்லாமல் ஓடிய ஒரு தலையங்கம் டைம்ஸில் வந்து, போட்டிப் பத்திரிகைகள் வெகுகாலம் கேலி செய்தன. அப்போது ரேமண்ட் ஐரோப்பாவில் இருந்தார். அந்த ஜூன் 24இல் நடந்த சோல்ஃபெரினோ போரைப் பற்றிச் செய்தி அனுப்பப் போயிருந்தார். நடுப்பத்தி கையில் இருந்தால் இந்தப் பழி அவர்மேல் விழாது.

ஆகவே 'ரேமண்ட் எழுதினார்' என்பதைக் கடிதமோ நாட்குறிப்போ உறுதிசெய்யும் இடத்தில் மட்டும் எழுதுங்கள். மற்ற இடங்களில் 'டைம்ஸ் எழுதியது' என்று நிறுத்திக்கொள்ளுங்கள். விதிவிலக்காகப் பெயரோடு கிடைப்பது 1846-47இல் கிரீலியோடு நடத்திய விவாதம். பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூரியேயின் கூட்டுவாழ்வுக் கொள்கை பற்றி டிரிப்யூனிலும் கூரியரிலும் ஆளுக்குப் 12 கட்டுரைகள், பிறகு துண்டு நூலாகவும் வந்தன. அவருடைய நடையைப் பழகிக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. இடையில் சலிப்புத் தட்டினாலும் கடைசிவரை படியுங்கள்.

படி 7: எதிரிகளின் சாட்சியத்தை எடைபோடுங்கள்

1854 தேர்தலுக்கு அதிக இடம் கொடுங்கள். இந்த வாழ்க்கையின் முடிச்சு இங்கேதான் விழுகிறது.

நியூயார்க் விக் கட்சியை நடத்தியவர்கள் மூவர்: அமெரிக்க மேலவை உறுப்பினர் சீவர்ட், ஆல்பனி ஈவ்னிங் ஜர்னல் ஆசிரியர் வீட், டிரிப்யூன் ஆசிரியர் கிரீலி. இதில் வீடும் பத்திரிகைக்காரராக இருந்து கீழவை உறுப்பினரானவர்தான். அரசு அச்சு வேலை ஆளும் கட்சியின் பத்திரிகைக்குப் போகும், அந்தப் பணத்தில் பத்திரிகை நடக்கும், பத்திரிகையால் கட்சி வெல்லும். இந்தச் சக்கரத்தை நன்றாக ஓட்டத் தெரிந்தவர் அவர். கிரீலிக்கு ஆளுநராக ஆசை. வீட் ஒத்துக்கொள்ளவில்லை. மைரன் கிளார்க்குக்கு அந்த இடம் போனது. துணை ஆளுநர் இடமாவது வரும் என்று கிரீலி எதிர்பார்த்திருக்க, அது ஒரு காலத்தில் தன்னிடமே வேலை பார்த்த, இப்போது போட்டிப் பத்திரிகை நடத்துகிற ரேமண்டுக்குப் போனது.

நவம்பர் 7 தேர்தலில் கிளார்க் ஜனநாயகக் கட்சியின் ஹொரேஷியோ சீமோரை வென்றது வெறும் 309 வாக்கு வித்தியாசத்தில். நான்கு நாள் கழித்து, நவம்பர் 11 அன்று, கிரீலி சீவர்டுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். 'சீவர்ட், வீட், கிரீலி' என்ற அரசியல் கூட்டு வணிகத்திலிருந்து இளைய பங்காளி விலகுகிறார் என்பது சாரம். ரேமண்டின் பெயரைப்போலத் தன்னைத் தாழ்த்தக்கூடிய வேறொரு பெயர் கிடைத்திருக்காது என்ற குமுறலும் அதில் உண்டு. விலகல் நடைமுறைக்கு வரும் நாளாக அவர் குறித்தது பிப்ரவரி முதல் செவ்வாய்க்கு மறுநாள். 1855இல் அந்தச் செவ்வாய் பிப்ரவரி 6. சட்டமன்றம் சீவர்டை மீண்டும் அமெரிக்க மேலவைக்குத் தேர்ந்தெடுத்தது அன்றுதான். அப்போது மாநில மேலவைக்குத் தலைமை வகித்தவர் ரேமண்ட். கோபத்திலும் கிரீலி சீவர்டின் வெற்றியைக் கெடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கடிதம் அச்சில் வந்தது 1860இல், சீவர்டிடமிருந்து ஜனாதிபதி வேட்பாளர் வாய்ப்பு நழுவி லிங்கனிடம் போன பிறகு. ஆகவே 1854இல் ஊரே இதைப் பேசியதுபோல எழுதக்கூடாது. ரேமண்டைக் 'குட்டி வில்லன்' என்று கிரீலி அழைத்ததும் இந்தப் பகையின் பின்னணியில்தான். மேற்கோள் காட்டினால் யார் சொன்னது, என்ன காரணம் என்று பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். ரேமண்டின் சக ஊழியர் ஆகஸ்டஸ் மேவரிக் 1870இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றுக்கு நேரெதிர்ச் சாய்வு உண்டு. அதில் பகைவனின் மிகை இருக்காது, நண்பனின் மௌனங்கள் இருக்கும்.

படி 8: புகழ்பெற்ற கதைகளைச் சோதியுங்கள்

உறைந்த ஹட்சன் ஆற்றின்மேல் ரேமண்டும் பின்னாளில் டைம்ஸின் பங்குதாரரான ஆல்பனி வங்கியாளர் ஜார்ஜ் ஜோன்ஸும் நடந்துகொண்டே டைம்ஸைப் பற்றிப் பேசினார்கள் என்பது அழகான காட்சி. பிற்கால நினைவுகளிலிருந்து வருவதால் 'என்று சொல்வார்கள்' என்ற அளவில் வையுங்கள். முதல் இதழ் நசாவ் தெரு 113ஆம் எண்ணிலிருந்து, நான்கு பக்கத்தில், ஒரு சென்ட் விலைக்கு வந்தது என்பதில் சந்தேகமில்லை.

உள்நாட்டுப் போரில், 1861 ஜூலை 21இல் நடந்த புல் ரன் சண்டையின்போது ரேமண்ட் களத்தில் இருந்தார். வெற்றி என்று முதலில் செய்தி அனுப்பினார். படை சிதறி ஓடிய பிறகு அனுப்பிய திருத்தத்தை வாஷிங்டன் தணிக்கை நிறுத்திவிட்டது. மறுநாள் டைம்ஸை மட்டும் பார்த்து எழுதினால், கண்ணால் கண்டும் தவறாக எழுதியவர் என்று அவரைச் சித்தரித்துவிடுவீர்கள். 1863 ஜூலை கட்டாய ராணுவச் சேர்ப்புக் கலவரத்தில் அவர் கேட்லிங் என்ற வேகச் சுடு துப்பாக்கியோடு அலுவலக ஜன்னலில் நின்றார் என்பது திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. அந்த வாரத்துச் செய்திகளில் சான்று கிடைக்காமல் அதை உண்மையாக வைக்காதீர்கள்.

விற்பனை எண்ணிக்கை எதுவானாலும் பத்திரிகையே சொன்னதுதான். டிரிப்யூனின் பெரிய எண்கள் வாரப் பதிப்பையும் சேர்த்தவை. அதை டைம்ஸ் நாளிதழோடு ஒப்பிடக்கூடாது.

படி 9: வாஷிங்டன் பகுதியைச் சுருக்குங்கள்

1864 ஆகஸ்ட் 22இல் தேசியக் குழுத் தலைவராக அவர் லிங்கனுக்கு எழுதிய கடிதத்தில், அலை நமக்கு எதிராக அடிக்கிறது என்று எச்சரித்து, தென்பகுதியிடம் சமாதானத் தூது அனுப்ப யோசனை சொன்னார். மறுநாள்தான் லிங்கன் தேர்தலில் தான் தோற்கக்கூடும் என்று எழுதி மடித்து அமைச்சர்களிடம் கையெழுத்து வாங்கிய குறிப்பு பிறந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் அட்லாண்டா வீழ்ந்து எல்லாம் தலைகீழானது. இதற்கு ஒரு பத்தி போதும்.

அடுத்த பத்தியில் வீழ்ச்சி. 1865 டிசம்பரில் குடியரசுக் கட்சித் தீவிரப் பிரிவின் தலைவர் தாடியஸ் ஸ்டீவன்ஸோடு சபையில் வாதம், 1866 ஆகஸ்டில் அந்தப் பிரிவோடு மோதிய ஜனாதிபதி ஜான்சனை ஆதரித்த பிலடெல்பியா மாநாட்டு அறிக்கை, செப்டம்பரில் தேசியக் குழுவிலிருந்து நீக்கம். டைம்ஸும் வாசகர்களை இழந்தது. காங்கிரஸ் உறுப்பினராக இருந்த இரண்டாண்டை மாநிலப் பதவிகளைவிட நீளமாக எழுதத் தோன்றும், ஏனென்றால் ஆதாரம் எளிதாகக் கிடைக்கிறது. 2,000 சொல் கட்டுரை என்றால் 1849 முதல் 1856 வரையிலான காலத்துக்கு 900 சொல்லாவது ஒதுக்குங்கள்.

வெளியிடும் முன் மூன்று திருத்தங்களைச் சரிபாருங்கள். 1857க்கு முந்தைய இடங்களில் பத்திரிகையின் பெயரில் 'டெய்லி' இருக்க வேண்டும். ஆல்பனியில் இரண்டு முறை சபாநாயகர் என்றால் 1851, 1862 என்ற இரண்டு ஆண்டுகளும் இருக்க வேண்டும். நியூயார்க் நகர ஜனநாயகக் கட்சி அமைப்பான டாமனி ஹாலின் தலைவர் ட்வீடின் ஊழலை டைம்ஸ் அம்பலப்படுத்தியதை ரேமண்டின் கணக்கில் சேர்த்திருந்தால் எடுத்துவிடுங்கள். அது 1871இல், ஜோன்ஸின் காலத்தில் நடந்தது. ரேமண்ட் 49 வயதில் இறந்து, புரூக்ளினின் கிரீன்வுட் கல்லறையில் அடக்கமாகி அப்போது இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.